மன்னார்க் கரையின் மறைந்த நகரங்கள்

ஈழநாட்டின் வடமேற்குக் கரையிலே, பெருநிலத்திலிருந்து ஆழமற்ற ஒரு கடற்கால்வாயாற் பிரிக்கப்பட்டு, இராமேசுவரத்தை நோக்கி நீண்டு கிடக்கும் மணற்றீவே மன்னார். இன்று மன்னார்ப் பட்டினத்துக்குச் செல்பவர், தாம்போதியைக் கடந்ததும் நான்கு கொத்தளங்களுடன் நீர்விளிம்பில் நிற்கும் கோட்டையைக் காண்பர். பள்ளிமுனையிலே ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள பெருக்க மரம் நிற்கின்றது. ஆபிரிக்க மண்ணுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. தெருக்களில் திரியும் கழுதைகளையும் அவர்களே கொண்டுவந்தனர் என்பர். தெற்கே அரிப்புக்குச் சென்றால், கடலரிப்பினால் நாளுக்கு நாள் இடிந்து விழும் ஒரு மாளிகையின் எச்சங்களைக் காணலாம். வழிகாட்டி நூல்கள் மன்னாரின் கடல்சார் மரபு என்று கூறுவன பெரும்பாலும் இவையே.

கோட்டை, மாளிகை, மரம் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து வந்தோர் விட்டுச் சென்றவை என்பது கவனத்திற்குரியது. இக்கடலிலே மூழ்கியவர்கள், தோணி வலித்தவர்கள், இக்கரையில் இறங்கிக் கால்நடையாக மலைநாடு சென்றவர்கள் ஆகியோர் கல்லில் எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் வாழ்ந்த நகரங்கள் ஓலையாலும் கம்பாலும் ஆனவை. ஆண்டுதோறும் எழுந்து, இரு திங்களில் அழிந்தவை. நினைவுச் சின்னங்களை மட்டும் சான்றாகக் கொண்டு மன்னாரின் வரலாற்றை எழுதினால், அது உழைத்தோரை விடுத்து அவ்வுழைப்பின் பயனைக் கொண்டோரைப் பற்றிய வரலாறாகவே முடியும். இக்கட்டுரை அவ்விடைவெளியை நோக்கிய ஒரு சிறு முயற்சியாகும்.

மன்னாரின் பண்டைச் சிறப்புக்குக் காரணம் அதன் நிலத்தின் வளமன்று, கடலின் ஆழமின்மையே. தீவின் தலைப்பாகிய தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை தொடரும் மணற்றிட்டுக்களையும் பாறைகளையும் பெருங்கலங்கள் கடந்து செல்ல முடியாது. மேற்கிலிருந்து வந்த கப்பல்களும் கிழக்கிலிருந்து வந்த கப்பல்களும் பொருள்களை இறக்கி மாற்றிக்கொள்ளுதற்கு இத்தடையின் அருகிலே ஒரு சந்திப்பிடம் தேவைப்பட்டது. அவ்விடமே பெருநிலக் கரையில் தீவை நோக்கி அமைந்த மாதோட்டம் ஆகும். பாளி நூல்கள் இதனை மகாதித்த என்று குறிக்கும். பெருந்துறை என்பது அதன் பொருள். அநுராதபுரத்தின் வழியாக வந்து அரிப்பருகே கடலிற் கலக்கும் அருவி ஆறு, தலைநகரையும் துறைமுகத்தின் அயலையும் இணைத்தது. சங்கப் பாடல்களில் வரும் மாந்தையே இது என்று கொள்வோர் உளர். அங்கு மாந்தை சேர மன்னரோடு தொடர்புபடுத்தியே பாடப்படுவதால், பெயரொற்றுமை ஒன்றினையே சான்றாக்குவது பொருந்தாது என்பது எமது கருத்து. மாதோட்டத்தின் பெருமையை நிறுவ அத்தகைய வலிந்த ஊகங்கள் தேவையுமில்லை. கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். முதலாம் இராசராசன் காலத்தில் மாதோட்டம் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றதையும், தாழி குமரன் என்பான் அங்கு இராசராச ஈசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்ததையும் அங்கு கிடைத்த கல்வெட்டே கூறுகின்றது.

அகழ்வாய்வுகள் தரும் செய்தி இலக்கியச் செய்தியினும் நுட்பமானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போக் என்பவரும், 1926இல் ஹோகாட்டும், 1950களின் தொடக்கத்தில் சண்முகநாதனும் இங்கு அகழ்ந்தனர். 1980இல் ஜோன் காஸ்வெல் குழுவினர் தொல்லியற் திணைக்களத்துடன் சேர்ந்து தொடங்கிய பெரும் ஆய்வு, போரின் காரணமாக 1984இல் இடைநின்றது. அதன் முழு அறிக்கை 2013இலேயே வெளிவந்தது. சீனப் பீங்கானும், பாரசீக வளைகுடாப் பகுதியின் மெருகேற்றிய கலங்களும் ஒரே மண்ணடுக்கிற் கிடந்தன. போர் முடிந்தபின் 2009–10இல் நிகழ்ந்த அகழ்வில் மண்ணைச் சலித்து எடுத்த கருகிய தானியங்களிடையே மிளகு மணிகளும் ஒரேயொரு கிராம்பும் கிடைத்தன. அக்கிராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள மொலுக்கஸ் தீவுகளில் மட்டுமே அக்காலத்தில் விளைந்த பொருள் அது. அதனை இறக்கிய கூலியாளின் கையிலிருந்து தவறி விழுந்ததோ, ஒரு வீட்டின் அடுக்களையிற் சிந்தியதோ, யாரறிவார்? ஆயினும் அரசர் பெயர் பொறித்த கல்லொன்று கூறாத செய்தியை அச்சிறு மொட்டு கூறுகின்றது. 11ஆம் நூற்றாண்டின் பின் மாதோட்டம் படிப்படியாக மங்கியது. அநுராதபுரம் தலைநகராக இல்லாதொழிந்தபின் அதன் துறைமுகத்துக்குப் பின்புலமின்றிப் போனமை இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

துறைமுகம் மங்கினும் கடலின் செல்வம் மங்கவில்லை. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களே அடுத்த பல நூற்றாண்டுகளின் அரசியலை நிர்ணயித்தன. 1544ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் இவ்வொளியிலேயே நோக்குதல் வேண்டும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் மன்னார்த் தீவின் கடற்றொழிலாளர் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையுடன் வந்து 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றான் என்று திருச்சபை ஏடுகள் கூறும். தோட்டவெளியில் அவர்களின் நினைவாக ஆலயம் ஒன்றுண்டு. ஒரு சாரார் இதனைச் சமயக் கொடுமையாகவும், மறு சாரார் தேசத் துரோகத்துக்கு அளிக்கப்பட்ட தண்டனையாகவும் எழுதிச் செல்வர். இரு கூற்றும் முழுமையல்ல. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, எதிர்க்கரையின் பரதவர் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடி ஆயிரக்கணக்கில் மதம் மாறியிருந்தனர். அதன் விளைவாக முத்துக்குளிப்பின் மேலாண்மையும் கைமாறியிருந்தது. மதமாற்றம் என்பது தன் கடலின் வருவாய் கைநழுவுவதன் முன்னறிகுறி என்பதைச் சங்கிலி நன்கறிந்திருந்தான். அவ்வருவாய்க்காக உயிரிழந்தவர்களோ அவ்வருவாயில் மிகச் சிறு பங்கே பெற்றவர்கள். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். எதிர்க்கரைப் பரதவரிற் சிலரையும் கொணர்ந்து குடியேற்றினர். கேதீச்சரக் கோயிலின் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன என்பது மக்கள் வழக்கு. ஆறுமுக நாவலர் 1872இல் அக்கோயிலை மீட்டெடுக்குமாறு வேண்டுகோள் விடுக்கும்வரை அவ்விடம் காடாகவே கிடந்தது. 1658இல் கோட்டை ஒல்லாந்தர் கைக்கும் 1795இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கண்டியிலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் அருவி ஆற்றின் கரைவழியே தப்பி வந்து சேர்ந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டைக்கே.

இனி, மறைந்த நகரத்துக்கு வருவோம். முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் தவறாது நிகழ்ந்த ஒன்றன்று. ஒல்லாந்தர் காலத்தில் 1768க்குப் பின் ஆங்கிலேயர் வரும்வரை குளிப்பே நடைபெறவில்லை. சிப்பிகள் முதிர ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் எனப் பெயர் பெற்ற கடலடிப் பாறைத் தளங்களிலே ஆண்டிறுதிக்கு முன் அதிகாரிகள் சோதனைக் குளிப்பு நடத்தி, எடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, பயன் தருமெனக் கண்டாற் பறை அறைவித்து விளம்பரம் செய்வர். இரு பருவக் காற்றுக்களுக்கும் இடையே கடல் அமைதியுறும் மாசி, பங்குனி மாதங்களிலே, அதுவரை முட்புதரும் மணலுமாய்க் கிடந்த சிலாவத்துறையிலோ கொண்டச்சியிலோ மரிச்சுக்கட்டியிலோ ஒரு நகரம் எழும். குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே சிலாவத்துறை என்னும் ஊர்ப்பெயரிற் பதிந்து கிடக்கின்றது.

அந்நகரிலே தெருக்கள் அளந்து விடப்படும். கச்சேரி, நீதிமன்றம், சிறைக்கூடம், வைத்தியசாலை, கடைவீதி யாவும் கிடுகாலும் கம்பாலும் அமையும். கீழக்கரை முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரதவரும், யாழ்ப்பாணத்தாரும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும் தோணிகளுடன் வந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார், பம்பாய் வணிகர், தட்டார், துளையிடுவோர், பிச்சைக்காரர், சாமியார், களவுத் தொழிலார் என எல்லா வகையினரும் கூடுவர். சில ஆண்டுகளில் 30,000க்கும் மேற்பட்டோர் தங்கிய அந்நகரம் சித்திரைக் காற்று மாறியதும் கலைந்துவிடும். அடுத்த மழையிற் கிடுகும் உக்கிப்போகும். எஞ்சுவன சிப்பியோட்டு மேடுகள் மட்டுமே.

தொழில் நிகழ்ந்த முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். நள்ளிரவில் நிலக்காற்றுடன் தோணிகள் புறப்பட்டு, விடியும்போது பாரை அடையும். ஒரு கல்லுக்கு இருவராக மாறி மாறி மூழ்குவர். கயிற்றிற் கட்டிய கல்லின் மீது ஒரு காலை வைத்து, விரலால் மூக்கைப் பொத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை கீழிறங்கி, ஒரு நிமிடமளவிற் கைக்கு எட்டியதைக் கூடையில் அள்ளி, கயிற்றை அசைத்து மேலேறுவர். அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியால் மூக்கை இறுக்குவர். கயிறு பிடிப்பவனின் கருத்தூன்றிய கவனத்திலேயே மூழ்கியவனின் உயிர் தங்கியிருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதற்கெனக் கடற்கட்டி எனப்பட்ட மந்திரவாதி ஒருவன் இருந்தான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எதிர்க்கரை பற்றிக் கூறும் செய்தியிலும் இத்தகையோர் வருகின்றனர். ஆங்கிலேய அரசும் நெடுங்காலம் கடற்கட்டிக்கு ஊதியம் அளித்தது. அவனின்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தமையே காரணம். 1859இல் நூலெழுதிய எமர்சன் தெனன்ட், தம் காலத்துக் கடற்கட்டி கத்தோலிக்கன் என்று வியப்புடன் குறிப்பிடுகின்றார். வியப்பதற்கு இதில் யாதுமில்லை. உயிரைப் பணயம் வைக்கும் தொழிலில், மந்திரம் எச்சமயத்தாருக்கும் பொதுவான ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக விளங்கிற்று.

நண்பகலுக்குப் பின் கடற்காற்றுடன் தோணிகள் கரை சேரும். கொட்டு எனப்பட்ட வேலியிட்ட அரச வளவுக்குள் ஒவ்வொரு தோணியினரும் தம் சிப்பிகளை மூன்று சம குவியல்களாகப் பிரித்தல் வேண்டும். எந்த இரண்டு அரசுக்குரியவை என்பதை அதிகாரியே சுட்டுவார். அவர் எதனைச் சுட்டுவார் என்பது முன்னரே தெரியாதாகையால், பிரிப்பவன் நேர்மையாகப் பிரித்தே தீரல் வேண்டும். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்ஃப் 1906இல் மரிச்சுக்கட்டியில் இப்பணியைப் புரிந்தார். தம் தன்வரலாற்று நூலில் அக்காலத்தை அவர் நினைவுகூர்ந்துள்ளார். மூன்றில் இரண்டு கோட்டைக்கு, ஒன்று மூழ்கியவனுக்கு. மூழ்கியவனின் அவ்வொரு பங்கிலும் கயிறு பிடித்தவனுக்கும் தோணிச் சொந்தக்காரனாகிய சம்மாட்டிக்கும் உரியதைக் கழித்தல் வேண்டும். எஞ்சியதைக் கொட்டின் வாசலிலேயே காத்து நின்ற சிறு வணிகர் வாங்கிக்கொள்வர். அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலையென ஏலம் போகும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ என்பதை விற்பவரோ வாங்குபவரோ அறியார். ஆயினும் அச்சூதாட்டத்தில் அரசு மட்டும் ஒருபோதும் இழப்பதில்லை. அது முத்தை விற்கவில்லை. முத்து இருக்கலாம் என்னும் ஆசையையே விற்றது.

வாங்கிய சிப்பிகளை ஒரு கிழமைக்கு மேலாக அழுகவிட்டு, ஈயும் புழுவும் மொய்த்தபின் கழுவியே முத்தெடுப்பர். அந்நாற்றம் பல மைல் தொலைவு வீசியது என்று எழுதாத பயணி இல்லை. அந்நாற்றத்தினுள் நாள் முழுதும் குந்தியிருந்து கழுவிய கூலிகளைப் பற்றி எழுதிய பயணியோ அரியன். வாந்திபேதி பரவியதாற் குளிப்பு இடையில் நிறுத்தப்பட்ட ஆண்டுகளும் உண்டு. பித்தளைச் சல்லடைகளிற் சலித்து ஆணிமுத்து முதல் தூள் ஈறாகத் தரம் பிரித்தலும், அத்தரங்களுக்கு வழங்கிய பெயர்களும் தமிழிலேயே அமைந்தன. இந்தியப் பெருங்கடலின் முத்து வணிகம் கற்றுக்கொண்ட தொழில்மொழி பெருமளவுக்கு இம்மக்களின் மொழியே. பாரிஸ் அரங்கிலே 1863இல் பிசே என்பார் இலங்கை முத்துக்குளிப்போரை வைத்து இசைநாடகம் ஒன்றை அரங்கேற்றினார். அந்நாடகத்திற் காதலுண்டு, பழிவாங்கலுண்டு, மூன்றில் இரண்டு பங்கு இல்லை.

தேசாதிபதி பிரெட்றிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிலே கட்டிய மாளிகை, கிரேக்கப் பாணித் தூண்களையுடையது. குளிப்புக் காலத்திற் குளியாட்களையும் தோணிகளையும் மேற்பார்வை செய்வதற்கென எழுந்தது. இன்று அப்பகுதி மக்கள் அதனை அல்லிராணி கோட்டை என்பர். தேசாதிபதியின் பெயரை மறந்து, அவ்விடிபாட்டை மக்கள் தம் கதைமரபின் அரசிக்கு உரிமையாக்கியுள்ளனர். வரலாற்றாசிரியன் இதனைத் தவறெனத் திருத்துவான். எனினும் அத்தவறு எமக்கு உவப்பானதே.

முத்தின் முடிவும் ஆராயத்தக்கது. விலங்கியலாளர் ஹேர்ட்மன் 1902இல் வரவழைக்கப்பட்டு, ஜேம்ஸ் ஹோனெல் துணையுடன் பார்களை ஆராய்ந்து ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டார். 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் 25 இலட்சம் ரூபாவைக் கடந்தது. அதற்கடுத்த ஆண்டே பார்கள் யாவும் ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டனிற் பதிவு செய்யப்பட்ட ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டன. 1907இன் பின் சிப்பி இல்லை, கம்பனியும் கலைந்தது. இளஞ்சிப்பிகள் வாரி அள்ளப்பட்டமை, மணற்பெயர்ச்சி, சிப்பியுண்ணும் மீன்கள் எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. சில பத்தாண்டுகளில் யப்பானின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைத்தபோது, மன்னார்ப் பார்களுக்குப் புத்துயிரளிக்கும் ஊக்கமும் அற்றுப்போயிற்று. குளியாட்கள் சங்குக்கும் கடலட்டைக்கும் திரும்பினர்.

முத்து விளைந்த அதே நூற்றாண்டில், இக்கரை மற்றுமொரு மக்கள் கூட்டத்தைக் கண்டது. 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழகத் தொழிலாளர் இராமேசுவரத்திலிருந்து தோணியேறித் தலைமன்னாரிலும் அயற்கரைகளிலும் இறங்கினர். தீவை நடந்து கடந்து, பெருநிலத்தை அடைந்து, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு 120 மைலுக்குக் குறையாத தொலைவை நடந்தே சென்றனர். நீரற்ற காட்டுவழி, வாந்திபேதி, பசி, காய்ச்சல். வழியோரத்தில் இறந்தோரின் தொகை பற்றி அக்காலத்திலேயே கடுமையான விவாதம் எழுந்தது. தொகை எதுவாயினும், எண்ணி வைக்கப்படாத உயிர்கள் அவை என்பதே முதன்மையான உண்மை. சிப்பியை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிந்த அதே அரசு, அதே கரையில் இறங்கிய மனிதரை அவ்வாறு எண்ணவில்லை.

நூற்றாண்டின் இறுதியிற் கொள்ளைநோய் அச்சத்தால் அப்பாதை கைவிடப்பட்டு, போக்குவரத்து தூத்துக்குடி – கொழும்புக் கப்பல்வழிக்கு மாறியது. 1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும், இரு கரையிலும் புகையிரதமும் இணைந்தன. தொழிலாளர் மண்டபம் முகாமிற் தடுத்து வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டபின் அனுப்பப்பட்டனர். சென்னையில் ஏறிய பயணி கொழும்பில் இறங்கும் வசதியைப் போட்மெயில் என்ற பெயருடன் நினைவுகூர்வோர் பலர். மூன்றாம் வகுப்பிற் பயணம் செய்த தோட்டத் தொழிலாளிக்கு அது வேறொரு பயணம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதெனவும் இரு அரசுகளும் இணங்கின. சிப்பிக் குவியல் பிரித்தது போல மனிதரைப் பிரித்த அவ்வொப்பந்தத்தில், அம்மனிதரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இரு மாதங்களின் பின் டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்துக்கு மாறியது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாம் கண்டிராத தாயகத்துக்குத் தலைமன்னாரிலிருந்து கப்பலேறினர்.

1974, 1976 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் இக்கடலின் நடுவே எல்லைக்கோடு வரைந்தன. 1984இற் போர் காரணமாகக் கப்பற் சேவை நின்றது. அதன் பின் இக்கரையிலிருந்து சென்ற மக்கள், இரவிற் சிறு படகுகளில், பயணச் சீட்டின்றிச் சென்ற அகதிகள். அவர்களிற் பலர் அடைந்த இடம் அதே மண்டபம் முகாம். தொழிலாளரைச் சோதித்து அனுப்ப எழுந்த கொட்டகைகள், எதிர்த்திசையில் வந்தோரை ஏற்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய தீவுக் கிராமங்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்றனர். தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகளாகவும் குளியாட்களாகவும் வாழ்ந்த சமூகம் ஒன்றைச் சில நாட்களில் அதே கடலில் ஏற்றி அனுப்பியமை, மன்னாரின் வரலாற்றை எழுதும் எத்தமிழரும் தவிர்த்துச் செல்லலாகாத செய்தி. 1544ஐ விரிவாக எழுதி 1990ஐ ஒரு வரியிற் கடந்து செல்லும் நூல்களை நாம் கண்டுள்ளோம். அவை வரலாறல்ல, வழக்குரைகள்.

போரின் பின் எல்லைக்கோட்டின் இருபுறமும் எழுந்துள்ள பூசல் இழுவைப்படகு பற்றியது. தமிழகத்தில் 1960களிலிருந்து பெருகிய விசைப்படகுகள், இறால் ஏற்றுமதிக்கென முதலிட்டோரின் உடைமை. அவை கடலடியை வாரிச் செல்லும்போது, வலையையும் வாழ்வையும் இழப்பவர் பேசாலையினதும் பள்ளிமுனையினதும் சிறு மீனவர். சிறைப்படுபவரோ அப்படகுகளில் நாட்கூலிக்கு ஏறிய இராமேசுவரத்தார். இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. இதனை இரு நாடுகளின் பிணக்காக மட்டும் காண்போர், ஒரே மொழி பேசும் இரு கரையிலும் படகு யாருடையது, பங்கு யாருக்கு என்ற பழைய வினாவைக் கேட்பதில்லை.

மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையிலான புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. வண்டி இறங்குதுறை வரை செல்கின்றது. அங்கிருந்து அக்கரைக்குச் செல்லும் கப்பல் மீளவில்லை. பழைய துறையின் துருப்பிடித்த இரும்புத் தூண்களினருகே மீனவர் வலை உலர்த்துகின்றனர்.